கைமாத்துக்குக் கட்டம் இல்லை

கடன் வேறு, கைமாத்து வேறு. இது தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. கடன் என்றால் தாள் உண்டு, வட்டி உண்டு, கையெழுத்து உண்டு, தவணை தவறினால் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குகிற ஆள் உண்டு. கைமாத்துக்கு இதெல்லாம் கிடையாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும், முடிகிறபோது திரும்பி வரும். கொடுத்தவர் கேட்கமாட்டார், வாங்கியவர் மறக்கமாட்டார். இவ்வளவு எளிய விஷயத்தைச் சட்டம் படித்த ஒருவனுக்கு நான் உட்கார்ந்து விளக்க வேண்டி வந்தது. விளக்கியும் ஒன்றும் ஆகவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக என் வலது கால் அதன்மேல்தான் இருக்கிறது. மாணவர்கள் எனக்கு பிரேக்கக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்; எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் அவர்களுக்குப் பெயர் வைப்பேன், ஆனால் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் தகுதி விதிகள் இருந்தன, நான் தேறவில்லை, தேறாததில் வருத்தமும் இல்லை. கடைவீதிக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன அலுவலகம், அதை ஒட்டி ஓர் அறை, அறையில் ஒரு கட்டில், வாசலில் ஒரு பழைய கார், ஒரு புதிய கார். என் சொத்து பத்து இவ்வளவுதான்.

புதிய கார்தான் என்னைக் கவிழ்த்தது. பைனான்ஸ் கம்பெனியில் தவணைக்கு எடுத்தேன், அதை ஓட்ட ஒரு பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு வைத்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மாணவி பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். அந்தத் தெருவில் தலையணைக் கடை உண்டு, துணிக்கடை உண்டு. கார் போய் நுழைந்தது கண்ணாடிக் கடையில். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் காருக்கான காப்பீடு அந்த வாரம்தான் முடிந்திருந்தது. தவணை கட்ட வேண்டும் என்று காப்பீட்டை நாளை நாளை என்று தள்ளிப்போட்டிருந்தேன். கண்ணாடிக் கடைக்காரர் நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டார். நசுங்கிய காரை பைனான்ஸ் கம்பெனி தூக்கிக்கொண்டு போய் வந்த விலைக்கு விற்றுவிட்டு, மீதிக்கு என் கழுத்தில் துண்டைப் போட்டது. மாணவர்களும் குறைந்தார்கள். போனிலேயே வகுப்பைப் பதிவு செய்கிற பெரிய பயிற்சிப் பள்ளி ஒன்று பக்கத்துத் தெருவில் வந்திருந்தது.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்றால் ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல நினைப்பு. திவாலாவதற்கும் தகுதி வேண்டும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

பொது நூலகத்தின் பின்பக்கம், பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைக்கிற இடத்தில், இலவசச் சட்ட உதவி மேசை ஒன்று போட்டிருக்கிறார்கள். அங்கே போய் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் கிளட்ச். என்னிடம் கற்றுக்கொண்டவன். கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டான், அதனால் அந்தப் பெயர். மூன்று முறை தேர்வில் தோற்று நான்காவது முறை தேறினான். மூன்று முறையும் "உனக்கு இன்னும் தகுதி வரல, அவசரப்படாதே" என்று நான்தான் முன்கூட்டியே சொன்னேன், அவன்தான் கேட்கவில்லை.

"அக்கா, நீங்களா?" என்று எழுந்து நின்றான்.

"உட்காருங்க சார்" என்றேன். மரியாதை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "சரி, சொல்லு தம்பி. நான் திவாலாகணும். என்ன பண்ணணும்?"

அவன் நல்ல பிள்ளை. சிரிக்கவில்லை, பரிதாபப்படவும் இல்லை. ஒவ்வொரு விதியாக எடுத்து, நான் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னான். மொத்தக் கடன் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும். அது எனக்குத் தாராளமாகவே இருந்தது. கடைசி ஆறு மாத வருமானத்தின் சராசரி ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அதுவும் இருந்தது.

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களாக்கா? ஒரே வீட்ல இருந்தா அவங்க சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க."

"என்கூட ஒரு பல்லி இருக்கு. அதுக்குச் சம்பளம் கிடையாது."

"கார்?"

கார் போனால் என் பிழைப்பே போயிற்று. ஆனால் தொழில் செய்யத் தேவையான கருவியை, அதன் விலை ஒரு வரம்புக்குள் இருந்தால், தொடமாட்டார்களாம். என் பழைய காரின் கதவைச் சாத்தினால் ஜன்னல் இறங்கும். அது ஒரு ஓட்டை வண்டி என்று நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். மனு ஏற்கப்பட்டால் கண்ணாடிக் கடைக்காரரும் பைனான்ஸ் கம்பெனியும் காரைத் தொட முடியாது, கொஞ்ச நாளில் கடனும் ரத்தாகும். தேர்வில் ஒவ்வொரு வளைவாகத் தேறிக்கொண்டே வருவதுபோல் இருந்தது எனக்கு.

"கடைசியா ஒண்ணு. போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. என் மனதில் கடன் என்று எதுவும் இருக்கவில்லை.

வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னான். போனேன். அவன் பேனாவின் முனை தாளில் மேலிருந்து கீழாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

"இது பெரிய தொகையா இருக்கே. பாலிசியை முடிச்சு வந்த பணமா? வந்த அன்னைக்கே மொத்தமா எடுத்திருக்கீங்க."

"அதுவா. தங்கச்சிக்குக் குடுத்தேன். கைமாத்து."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மாணவன் சிவப்பு விளக்கைத் தாண்டிய பிறகு நான் பார்க்கிற பார்வை அது.

"அக்கா, நீங்க கடன் எதுவும் திருப்பலன்னு சொன்னீங்களே."

"கடன் எங்கப்பா திருப்பினேன்? கைமாத்து. அவ குடுத்தது, அவளுக்கே போச்சு."

"சட்டத்துல கைமாத்துன்னு ஒரு வார்த்தையே இல்லக்கா. இந்தத் தாள்ல அதுக்குக் கட்டமும் இல்ல. வாங்கினா கடன்தான்."

அப்போது நான் கடனுக்கும் கைமாத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நாலு பேருக்குப் பாக்கி இருக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் முழுசா குடுத்துட்டு, மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு கையை விரிக்க முடியாது. அதுவும் சொந்தக்காரங்கன்னா ஒரு வருஷம் பின்னாடி போய்த் தோண்டுவாங்க. நீங்க மனு போட்டா, திவால் அலுவலர் உங்க தங்கச்சிக்கு நோட்டீஸ் அனுப்புவார். அந்தப் பணத்தை அவங்க திருப்பிக் கட்டணும். அதை எல்லாருக்கும் பங்கு போடுவாங்க."

"அவகிட்ட இல்லையே."

"எங்க போச்சு?"

எங்கே போனது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் தங்கை மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, அடுக்குகிற வேலை. அவள் கணவன் அடிக்கிற ஆள் இல்லை. அடித்திருந்தால் நாலு பேர் நம்பியிருப்பார்கள். சம்பளத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வான், பேருந்துக்கு எண்ணிக் கொடுப்பான், விடுமுறை நாட்களில் அவளை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவான். கேட்டால், ஊர் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்புக்குத்தான் என்பான். அவனுக்குத் தெரியாமல் கூடுதல் நேர வேலை பார்த்துச் சேர்த்ததை, நான் புதிய கார் எடுத்தபோது முன்பணத்துக்கு என்று என் கையில் திணித்தாள். "அங்க இருந்தா அவர் கண்ணுல படும். உன் வண்டியிலயாவது ஓடட்டும்" என்றாள். தாள் இல்லை, கையெழுத்து இல்லை.

பிறகு ஒரு நாள் வேலை இடத்திலிருந்து போன் செய்தாள். "அக்கா, அந்தக் கைமாத்து இப்ப கிடைக்குமா?" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காதவள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரரின் வக்கீல் நோட்டீஸ் மேசைமேல் கிடந்தது, அதன்மேல் போனை வைத்துவிட்டு நேராகப் போய் என் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் ஒரு வாடகை அறைக்கு முன்பணம் கட்டி, ஒரு பையோடு வெளியே வந்துவிட்டாள். காலி செய்தால்தான் அந்த முன்பணம் திரும்பும்.

கிளட்சிடம் ஒவ்வொரு வழியாகக் கேட்டுப் பார்த்தேன். "சும்மா குடுத்தேன், அன்பளிப்புன்னு சொன்னா?"

"அது இன்னும் மோசம். அன்பளிப்புன்னா ரெண்டு வருஷம் பின்னாடி போவாங்க."

"சொல்லாம விட்டா?"

"பொய்க் கையெழுத்து ஆயிடும். மனு தள்ளுபடி, மேல ஒரு கேஸ் வேற. என்னால அதுக்கு உதவ முடியாதுக்கா."

"ஒரு வருஷம் முடியிற வரைக்கும் சும்மா இருந்தா?"

"அப்ப அவங்களைத் தொட முடியாது. நீங்க தாராளமா மனு போடலாம். ஆனா கண்ணாடிக் கடைக்காரர் கையில தீர்ப்பு இருக்கு. அவர் சும்மா இருக்கணுமே. மனு போடாத வரைக்கும் உங்க காருக்குப் பாதுகாப்பு கிடையாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவசரப்படாதீங்க" என்றான். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தான், பாவி.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், கிளப்பவில்லை. எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் நுழையாதே என்ற பலகைதான். மனு போட்டால் தங்கையின் அறை போகும். போடாவிட்டால் என் கார் போகும். அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் ஹாரனை ஒரு குத்துக் குத்தினேன். முன்னால் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு அப்பாவி பயந்து ஒதுங்கினார்.

அன்று மாலை தங்கை அறைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மூன்றாவது மாடி, படிக்கட்டுக்கு எதிரே. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, சுவரோரம் மடித்து வைத்த பாய், மருத்துவமனையில் கழித்துவிட்ட விரிப்பில் தைத்த திரை. உள்ளே போனதும் அவள் என்னை உட்காரக்கூட விடவில்லை.

"அக்கா, இதைப் பாரேன். புதுசு" என்று கதவைக் காட்டினாள். ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொன்று போட்டிருந்தாள். "ஆளை வச்சுப் போட்டேன். ரெண்டும் உள்பக்கம்."

"ஒண்ணு போதாதா?"

"போதும். ஆனா ரெண்டு போட்டா நல்லா தூக்கம் வருது." போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். நாற்பதைத் தாண்டியவள், விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தைபோல அதையே செய்துகொண்டிருந்தாள். பிறகு தேநீர் போட்டபடி, "உன் மனு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"இன்னும் தகுதி வரலையாம்" என்றேன்.

"என்னது, வருமானம் ஜாஸ்தியாமா? உனக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவளுக்கு அப்போது நான் கார் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் விரிப்பு ஏற்றிப்போகிற வேனுக்கு ஓட்டுநர் வேலை காலியாக இருந்தது. உரிமம் இருந்தால் அந்த வேலை, அந்தச் சம்பளம். நன்றாகத்தான் ஓட்டினாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஓட்டத் தெரியாது. இரண்டு வாரம் போயிருக்கும். ஜப்தி உத்தரவு வந்துவிட்டது என்று அன்று காலைதான் எனக்குத் தகவல் வந்திருந்தது. பெரிய சந்திப்பை நோக்கிப் போகும்போது அவள் ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா இப்படி இழுத்தடிக்கிறே? தகுதி வரல, தகுதி வரலன்னு கதை விடுறே. நான் நாலு இடத்துல விசாரிச்சேன். உன்னைவிட வசதியானவங்கல்லாம் போட்டிருக்காங்க."

"ரோட்டைப் பாரு."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். உனக்கு ரோஷம். பிரேக்கக்கா திவால்னு நாலு பேர் சொல்லிடுவாங்கன்னு ரோஷம். வறட்டு கௌரவம்."

"கியரை மாத்து. பேசாதே."

"என்கிட்ட மட்டும் ரோஷம் பார்க்காதே, அவரை விட்டு வெளியே வா, ஒரு தாள்ல கையெழுத்துதான்னு அவ்வளவு பேசினியே. உனக்கு வந்தா மட்டும்..."

"உன்னாலதாண்டி" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, வாயும் தெரியாது. "உன் கைமாத்தைத் திருப்பினேன் பாரு, அதனாலதான். நான் மனு போட்டா உனக்கு நோட்டீஸ் வரும். ரூமைக் காலி பண்ணிப் பணத்தைக் கட்டணும். போதுமா? இதைக் கேக்கத்தானே நச்சரிச்சே?"

அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. சந்திப்பில் நேராகப் போக வேண்டியவள் இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், நான் கற்றுக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் செய்து வண்டியைத் திருப்பினாள்.

"எங்கடி போறே?"

"வீட்டு ஓனரைப் பார்க்க. அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறேன். நோட்டீஸ் எதுக்கு, நானே கொண்டுபோய்க் கட்டிடறேன்."

"அப்புறம் எங்க போவே?"

"வேற எங்க. அங்கதான்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வீட்டுக் கதவு, வெளியே தொங்குகிற பூட்டு, உள்ளே இவள். என் கால் தானாகவே இறங்கியது. பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டேன். வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது, எஞ்சினும் அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனார், எங்களுக்கு அது காதில் ஏறவில்லை.

"காலை எடுக்கா."

"எடுக்க மாட்டேன்."

"உன் காரை எடுத்துட்டுப் போயிடுவாங்கக்கா."

"போகட்டும். ஓட்டை வண்டி."

"அது இல்லாம நீ என்ன பண்ணுவே?"

"ஏதாவது பண்ணுவேன். நீ அங்க திரும்பிப் போனா நான் மனுவே போடமாட்டேன். போட்டாத்தானே உன் பணம் யாருக்காவது உதவும்? போடலன்னா உன் அட்வான்ஸை வாங்கிட்டு நீ எங்க வேணாலும் போய் நில்லு, ஒரு பிரயோஜனமும் இல்ல. நல்லா கேட்டுக்கோ. நான் ரோஷக்காரி, நீயே சொன்னே."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தியில் நின்று அழுவது என்பார்களே, அது எங்களுக்கு உண்மையாகவே நடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கிளட்சை அமுக்கி ஸ்டார்ட் பண்ணு" என்றேன். செய்தாள்.

அந்த மாதமே அவள் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள். தேர்வு முடிந்த மறுநாள் நீதிமன்ற ஆள் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்து இருக்கையின் பிரேக்கைப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் அவருக்கு முழுசாக விளக்கிச் சொன்னேன். கார் ஏலத்தில் போன விலை கண்ணாடிக் கடைப் பாக்கியில் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. கார் இல்லாத பயிற்சிப் பள்ளிக்கு அலுவலகம் எதற்கு? வாடகையும் பாக்கி. கட்டிலை விற்றுவிட்டு ஒரு பெட்டியோடு தங்கை அறைக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துத் தெருப் பெரிய பள்ளியில் மணிக்கூலிக்கு வேலை கிடைத்தது. அவர்களுடைய புத்தம்புதுக் காரில், அவர்களுடைய சீருடை போட்டுக்கொண்டு, மாணவர்களைத் திட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருக்கிறேன். கூலியில் ஒரு பங்கை பைனான்ஸ் கம்பெனி நேராகவே பிடித்துக்கொள்கிறது, இன்னொரு பங்கைக் கண்ணாடிக் கடைக்காரர்.

ஒரு வருடம் என்ற அந்த எல்லைக்காக மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். கிளட்சுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"இனிமே உங்க தங்கச்சியை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுக்கா. தைரியமா போடலாம். வருமானம் இப்ப எப்படி?"

சொன்னேன். தலையாட்டினான். "வரம்புக்குக் கீழதான். இப்ப எங்க இருக்கீங்க?"

"தங்கச்சிகூட" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அவன் பேனா நின்றுபோனது.

"அவங்க இன்னும் சலவையிலதானே இருக்காங்க?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிடாதே என்பதுபோல் அவன் முகம் இருந்தது.

"வேன் ஓட்டுறா. நான்தான் கத்துக்குடுத்தேன்."

இரண்டு சம்பளத்தையும் சேர்த்தான். இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கான வரம்பு வேறாம், அதையும் பார்த்தான். கணக்கை மறுபடியும் போட்டான், பேனாவை மாற்றிக்கொண்டு மறுபடியும் போட்டான். வரம்பைத் தாண்டியிருந்தது ஒரு ஜோடி செருப்பு விலை.

"தனியா ஒரு இடம் பார்த்துட்டு, ஆறு மாசம் அங்க இருந்துட்டு வந்தா..." என்று ஆரம்பித்தவன், என் கையிலிருந்த சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தனியாக இடம் பார்க்க முன்பணம் வேண்டும். முன்பணத்துக்குக் கடன் வாங்க வேண்டும். எனக்கு யார் கடன் கொடுப்பார்கள்? திவாலாகக்கூட முடியாதவள் நான். "மன்னிச்சுக்கங்கக்கா" என்றான். "நீ என்ன பண்ணுவே, நீ நல்லாத்தான் ஓட்டினே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் எங்கள் இருவருக்கும் வாராந்தர விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை, அவள்மேல் எரிந்து விழவும் இல்லை. அவள் சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தாள்ல நீ இங்க என்னவா இருக்கேன்னு எழுதணும்?"

"உடன் வசிக்கிறவர்னு ஒரு கட்டம் இருக்கு."

"வசிக்கிறியா நீ? ராத்திரி வர்றே, காலையில போறே. கைமாத்தா வந்திருக்கேன்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லடி."

"அப்ப அவங்க கட்டத்தை அவங்களே வச்சுக்கட்டும்" என்றாள். "இந்த இடத்தை நான் கேக்கிறப்போ திருப்பிக் குடு. இப்பப் படு."

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். பட்டப்பகலில் எதற்கு என்று நான் கேட்பதில்லை. அறை சின்னது. இரண்டு பாய் விரித்தால் என் கால் சுவரில் முட்டும். படுத்துக்கொண்டு யோசித்தேன். இந்தக் கடன் தீர இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டால் என் ஆயுள் பற்றாது. இவளை விட்டுப் போனால் நான் தப்பிக்கலாம், போக எனக்கு வழியும் இல்லை, மனமும் இல்லை. பயமாக இருந்தது, அதுதான் உண்மை. கண்ணை மூடினேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. யாரோ என் முழங்காலைப் பிடித்து அசைத்தார்கள். பார்த்தால் என் வலது கால் சுவரை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வண்டி எப்பவோ நின்னுடுச்சு" என்றாள் தங்கை. "காலை எடு."